கல்லூரி இன்குபேட்டரா, வெளிநாட்டு ஃபெலோஷிப்பா? கொப்பரை ஈரமானி செய்யும் எங்களுக்கு ஆலோசனை தேவை

காங்கேயம்_களம் | 9 ஜூன் 2024

அனைவருக்கும் வணக்கம். நானும் என் வகுப்புத் தோழியும் கோயம்புத்தூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதுநிலைப் படிப்பை இந்த மாதத்துடன் முடிக்கிறோம். ஒன்றரை ஆண்டாக ஒரு கைக்கருவியைச் செய்துவருகிறோம். களத்தில் காயும் கொப்பரையின் ஈரப்பதத்தை, பருப்பை உடைக்காமலேயே அது சொல்லிவிடும்.

என் அப்பா காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். அவரும் சரி, வாங்க வரும் வியாபாரியும் சரி, இன்றுவரை ஒரு பருப்பை எடுத்து ஒடித்து, அது முறிகிற சத்தத்தைக் கேட்டு, நகத்தால் கீறிப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர்தான். அது சுமார் 6 விழுக்காட்டுக்கு இறங்கினால்தான் ஆலைக்குப் போகும் கொப்பரை ஆகும். அதற்கு மேல் இருந்தால் விலையில் வெட்டு விழும். இன்னும் கூடினால் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பயந்துதான் பலர் கந்தகப் புகை போடுகிறார்கள். எங்கள் கருவி மின்தேக்குத்திறனை அளந்து ஈரத்தைக் கணிக்கிறது. ஆய்வகத்து அடுப்பில் உலர்த்தி எடை பார்த்து ஒப்பிட்டபோது பெரும்பாலும் ஒத்துவருகிறது. காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் மட்டும் தடுமாறுகிறது.

இப்போது எங்கள் முன் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, எங்கள் கல்லூரியின் இன்குபேட்டர், அதாவது புத்தொழில்களை வளர்த்தெடுக்கும் மையம். இரண்டு ஆண்டுகளுக்கு இடமும் ஆய்வகமும் தருவார்கள், மத்திய அரசின் ‘நிதி பிரயாஸ்’ (NIDHI-PRAYAS) திட்டத்தில் முன்மாதிரிக்கான மானியம் கோர உதவுவார்கள், பதிலுக்கு நாங்கள் தொடங்கும் நிறுவனத்தில் 5 விழுக்காடு பங்கு கேட்கிறார்கள். மற்றொன்று, ஓர் அமெரிக்க அமைப்பின் உலகளாவிய ஃபெலோஷிப். ஓராண்டுக்கு 40,000 டாலர். செப்டம்பர் முதல் நவம்பர் வரை சான் பிரான்சிஸ்கோவில் தங்க வேண்டும். முடிவில் முதலீட்டாளர்கள் முன் அறிமுக நாள் நடக்கும். 6 விழுக்காடு பங்கு அவர்களுக்கு. நிறுவனத்தை அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிய வேண்டும்.

ஜூன் 30-க்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா ஏற்கெனவே ஊர் முழுக்க ‘மகள் அமெரிக்கா போகிறாள்’ என்று சொல்லிவிட்டதால் வீட்டில் நிதானமாகப் பேச வழியில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தரமணி_தச்சன் | 9 ஜூன் 2024

தங்கைக்கு வாழ்த்துகள். சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தின் இன்குபேட்டரில் நான்கு ஆண்டுகள் கருவி செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் பார்வை ஒருபக்கம் சாய்ந்திருக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பதிவில் முக்கியமான வரி, ‘காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் மட்டும் தடுமாறுகிறது’ என்பது. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஆனால் வெயில் காயும் மாசியில் கொப்பரை ஈரமானி யாருக்கும் அவ்வளவாகத் தேவைப்படாது. மழை வந்து, பாதி காய்ந்த பருப்பை அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, மறுநாள் திறந்து பார்க்கும்போதுதான் களத்துக்காரருக்கும் வியாபாரிக்கும் வழக்கு வரும். உங்கள் கருவி வேலை செய்ய வேண்டிய நாட்கள் அவைதாம். அந்த நாட்கள் வடகிழக்குப் பருவமழையில், அதாவது நீங்கள் சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்திருக்கப்போகும் அதே அக்டோபரிலும் நவம்பரிலும் வருகின்றன. இந்த ஆண்டு விட்டால் அடுத்த மழைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

கருவி செய்பவர்களுக்குப் பணத்தைவிட ஆய்வகம் பெரிது. ஈரப்பதத்தை நம் விருப்பப்படி ஏற்றி இறக்கும் ஒரு சோதனை அறை இருந்தால் மழையைச் செயற்கையாகவும் வரவழைக்கலாம். அதைச் சொந்தமாக வாங்குவதென்றால் உங்கள் டாலரில் கணிசமான பகுதி அதிலேயே போய்விடும். மின்ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் எனர்ஜியைச் சென்னை ஐஐடியில் படித்த இருவர் 2013-இல் அந்த வளாகத்து இன்குபேட்டரில்தான் தொடங்கினார்கள். அதே வளாகத்தில் 2017-இல் தொடங்கிய ராக்கெட் நிறுவனமான அக்னிகுல், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு சென்ற மே 30 அன்றுதான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் ராக்கெட்டை ஏவியது. இவர்கள் அந்த வளாகத்தின் பட்டறைகளையும் பேராசிரியர்களையும் பயன்படுத்திக்கொண்டவர்கள். மூன்று மாதப் பயிற்சி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்யாது.

இன்குபேட்டரைப் புகழ்ந்துகொண்டே போவதாக நினைக்க வேண்டாம். நான் இருந்த இடத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் மதிப்புள்ள ஓர் அளவுக்கருவியை வாங்க மூன்று விலைப்புள்ளிகள் கேட்டு, கொள்முதல் குழு கூடி, ஒருவர் விடுப்பில் போய், மறுபடி கூடி, நான்கு மாதம் ஆனது. அதற்குள் என் கைப்பணத்தில் பழைய கருவி ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கி வேலையை முடித்திருந்தேன். ஆகவே கையெழுத்துப் போடும் முன் மேலாளரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: சிறு கொள்முதலுக்கு யார் ஒப்புதல் தர வேண்டும்? இரவு எட்டு மணிக்கு மேல் ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கும்?

5 விழுக்காட்டையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மாணவர், ஆசிரியர் புத்தொழில்களுக்காக மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட கொள்கை, கல்வி நிறுவனங்கள் தரும் வசதிகளுக்கு ஈடாக 2 முதல் 9.5 விழுக்காடு வரை பங்கு பெறலாம் என்கிறது. எவ்வளவு வசதி, எவ்வளவு பங்கு என்பது பேசித் தீர்க்க வேண்டியது. பேசுங்கள்.

ஈரோட்டு_ஆடிட்டர் | 10 ஜூன் 2024

மேலே உள்ள நண்பர் தொழில்நுட்பத்தைச் சொல்லிவிட்டார். எனக்கு உறுத்துவது ‘டெலவேர்’ என்ற ஒரு சொல்.

2021-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில், கருத்து வேலை செய்யும் என்று நிரூபிக்கவும் முன்மாதிரி செய்யவும் 20 லட்சம் ரூபாய் வரை மானியமாகவும், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னர் பங்காக மாற்றத்தக்க பத்திரமாகவோ கிடைக்கும். அது அங்கீகரிக்கப்பட்ட இன்குபேட்டர்கள் வழியாகவே வருகிறது. நிறுவனம் தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது 51 விழுக்காடாவது இந்திய நிறுவனர்கள் கையில் இருக்க வேண்டும். டெலவேரில் தாய் நிறுவனத்தை வைத்து, இங்கே அதன் துணை நிறுவனமாக ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கினால், அந்தப் பங்குகள் உங்கள் பெயரில் இருக்காது, அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் இருக்கும். கதவு அங்கேயே அடைபட்டுவிடும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் ஏற்கெனவே 10 லட்சத்துக்கு மேல் பண உதவி பெற்றவர்கள் இந்த விதை நிதிக்குத் தகுதி இழக்கிறார்கள். பிரயாஸ் மானியம் அதிகபட்சம் 10 லட்சம். தமிழக அரசின் டான்சீட் மானியம் 10 லட்சம், பெண்கள் நடத்தும் நிறுவனமானால் 15 லட்சம். அதற்கு 3 விழுக்காடு பங்கும் போகும். கைக்கு எட்டியதை எல்லாம் வரிசை பாராமல் வாங்கினால் பெரியது கைவிட்டுப் போகும். எதை முதலில் கோருவது என்று இன்குபேட்டர் மேலாளரோடும் ஓர் ஆடிட்டரோடும் உட்கார்ந்து தாளில் எழுதிப் பாருங்கள்.

வெளியே பதிந்துவிட்டுப் பிறகு திரும்பி வரலாமே என்பார்கள். வரலாம், விலை உண்டு. ஃபோன்பே 2022-இல் தன் தலைமையிடத்தைச் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு மாற்றியபோது அதன் முதலீட்டாளர்கள் கட்டிய வரி ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய். உங்கள் அளவு வேறுதான். ஆனாலும் போகும் வழி எளிது, திரும்பும் வழி செலவு என்ற கணக்கு மாறாது. வாடிக்கையாளரும் கருவியும் காங்கேயத்தில் இருக்க, நிறுவனம் மட்டும் டெலவேரில் இருக்க வேண்டிய காரணம் எனக்குப் பிடிபடவில்லை.

கடல்கடந்த_கயிறு | 11 ஜூன் 2024

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தென்னைநார் சார்ந்த தொழிலோடு ஒரு வெளிநாட்டு ஃபெலோஷிப்பை முடித்தவள் நான். அங்கே பாடம் என்று எதுவும் கற்கவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த பிலிப்பைன்ஸ் தோழர்தான் இன்று என் முதல் ஏற்றுமதி வாடிக்கையாளர். கொப்பரை காங்கேயத்தோடு முடிவதில்லை அம்மா. பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் நம்மைப் போலவே கொப்பரை செய்யும் நாடுகள். அங்கே மழை இன்னும் அதிகம். உள்ளூரிலேயே இருந்தால் அப்பாவின் களத்துக்கு மட்டும் பொருந்துகிற கருவி ஒன்றைச் செய்துவிட்டு நின்றுவிடும் ஆபத்து உண்டு.

அதே நேரத்தில், ‘ஃபெலோஷிப்’ என்ற சொல்லைக் கண்டு மயங்காதீர்கள். அந்த ஒரே பெயரில் வெவ்வேறு பண்டங்கள் விற்கப்படுகின்றன. தீல் ஃபெலோஷிப் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பணம் தருகிறது, பங்கு கேட்பதில்லை, ஆனால் கல்லூரியை விட்டுவிடச் சொல்கிறது. எக்கோயிங் கிரீன் சமூகப் பயன் உள்ள முயற்சிகளுக்கு 18 மாதங்களில் 1,00,000 டாலர் தருகிறது, ஊரைவிட்டுக் குடிபெயரச் சொல்வதில்லை. உங்களுக்கு வந்திருப்பது இவற்றைப் போன்றதன்று. 6 விழுக்காட்டுக்கு 40,000 டாலர் என்றால் உங்கள் முழு நிறுவனத்தையும் சுமார் 6.7 லட்சம் டாலருக்கு மதிக்கிறார்கள். ஃபெலோஷிப் என்று சொல்லிக்கொள்ளாத, புத்தொழில்களில் முதலிடும் அமெரிக்க நிறுவனமான ஒய் காம்பினேட்டரே 7 விழுக்காட்டுக்கு 1,25,000 டாலர் தருகிறது. அதன்படி மதிப்பு சுமார் 17.9 லட்சம் டாலர். அதற்கு மேல் 3,75,000 டாலரைப் பின்னால் வரும் முதலீட்டின் விலைப்படி தனியாகப் போடுகிறது. ஆகவே உங்களிடம் இருப்பது உதவித்தொகை அன்று, மலிவு விலையில் ஒரு முதலீடு. அடுத்த பயிற்சி அணியில் சேர முடியுமா, அங்கே தென்கிழக்கு ஆசியாவிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்ற இரண்டைத் தவிரப் ‘பிறகு’ என்ற பதிலும் உண்டு.

முன்தேதி | 11 ஜூன் 2024

காப்புரிமை முகவராக வேலை செய்கிறேன். ஒரே கேள்வி, அவசரமானது: உங்கள் முதுநிலை ஆய்வேடு நூலகத்துக்குப் போய்விட்டதா? போய்விட்டால் அது பொதுவெளியில் வந்துவிட்டதாகக் கருதப்படலாம்; அதன்பின் கோரும் காப்புரிமைக்குப் புதுமை இல்லை என்று மறுக்க இடம் உண்டு. வெளிநாட்டு மேடையில் கருவியைத் திறந்து காட்டும் அறிமுக நாளும் அப்படித்தான். முதலில் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விவரித்து உங்களுக்கு முன்தேதி பெற்றுத்தரும் ஆவணத்தை, தாக்கல் செய்யுங்கள். புத்தொழிலுக்கும் தனிநபருக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் அவகாசம் கிடைக்கும். அமெரிக்காவில் முதலில் தாக்கல் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தியாவில் வசிப்பவர் இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் கழித்தோ, முன் அனுமதி பெற்றோதான் வெளிநாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்று காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் தண்டனையும் உண்டு.

கல்லூரி அடுப்பையும் ஆய்வகத்தையும் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மேலே ஒருவர் குறிப்பிட்ட 2019 கொள்கையின்படி, நிறுவனத்தின் வசதிகளைக் கணிசமாகப் பயன்படுத்தி உருவானதில் நிறுவனத்துக்கும் உரிமை உண்டு. கல்லூரியின் அறிவுசார் சொத்து விதிகளை வாங்கிப் படியுங்கள். உரிமை கூட்டானது என்றால், அமெரிக்காவுக்குப் போவதாக முடிவெடுத்தாலும் கல்லூரியின் கையெழுத்து உங்களுக்கு வேண்டும்.

காங்கேயம்_களம் | 23 ஜூன் 2024

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ‘முன்தேதி’ ஐயாவின் பதிலைப் படித்த இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை. வாய்மொழித் தேர்வு 20-ஆம் தேதி என்பதால் ஆய்வேடு இன்னும் துறையிலேயே இருந்தது. 17-ஆம் தேதி தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டோம், கல்லூரியையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்த்து. விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

ஃபெலோஷிப்காரர்களிடம் இந்திய நிறுவனமாகவே சேரலாமா என்று கேட்டோம். டெலவேர் கட்டாயம் என்றார்கள். அடுத்த ஏப்ரல் அணிக்கு மீண்டும் விண்ணப்பித்தால் நேர்காணல் இல்லாமல் பரிசீலிப்பதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். ‘கடல்கடந்த_கயிறு’ அக்கா சொன்னபடி அணியில் யார் யார் என்று கேட்டதற்கு, இந்த ஆண்டு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஒருவரும் இல்லை. இன்குபேட்டரில் 5 விழுக்காடு 3.5 ஆகியிருக்கிறது, 25,000 ரூபாய்க்கு உட்பட்ட பொருளை மேலாளர் கையெழுத்திலேயே வாங்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தந்தார்கள். சாவி காவலரிடம் இருக்கும், பதிவேட்டில் பெயர் எழுதினால் போதும். ஜூலை முதல் தேதி அங்கே சேர்கிறோம். அம்மாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

தேர்வு முடிந்து ஊருக்கு வந்த அன்று காற்றோடு தூறல் விழுந்தது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து 40 பருப்புகளை எடுத்து எண்ணிட்டு, அப்பாவை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து ‘காய்ந்தது’, ‘காயாதது’ என்று சொல்லச் சொன்னோம். ஒடிக்கும் முன்பே கருவியாலும் அளந்து வைத்திருந்தோம். நேற்று கல்லூரி அடுப்பில் உலர்த்தி எடை போட்டுச் சரிபார்த்தோம். அப்பா 34 சரி, கருவி 27.