புதுப்பிப்பு: குலசேகரம் ஓடையில் கல்லைப் புரட்டிப் பார்த்தபோது

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே தெளிந்து ஓடும் ஓடை உண்மையில் நலமாக இருக்கிறதா என்ற என் முந்தைய கேள்விக்கு, கல்லைப் புரட்டிப் பார்க்கும்படி பலர் கூறியிருந்தீர்கள். மேல்பகுதியில், நீர் வேகமாகப் பாயும் கற்களின் அடியில், மூன்று வால் இழைகளும் வயிற்றோரத்தில் துடிக்கும் செவுள்களும் கொண்ட மேஃப்ளை என்னும் பூச்சியின் நீரில் வாழும் இளம்பூச்சிகளும், மணலை ஒட்டிக் கூடு கட்டிய, கேடிஸ் என்னும் பூச்சியின் புழுக்களும் தாராளமாக இருந்தன. கரைந்த ஆக்சிஜன் குறைந்தால் இவற்றில் பெரும்பாலானவை தாங்குவதில்லை. ரப்பர் பாலை உறையவைக்கும் கொட்டகையின் கழிவுநீர் சேரும் இடத்துக்குக் கீழே அவற்றைக் காணவில்லை. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் வாழ உதவும் ஹீமோகுளோபினால் சிவந்த புழுக்களே சேற்றில் நெளிந்தன. பாலை உறையவைக்கச் சேர்க்கும் ஃபார்மிக் அமிலத்தைவிட, கழிவிலுள்ள புரதமும் சர்க்கரையும் அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோவதே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். நீரின் அமிலத்தன்மையை அறிய ஒருமுறை எடுக்கும் பிஎச் அளவு (பலரும் முதலில் கேட்பது அதைத்தான்) கழிவு வராத நேரத்தில் எதையும் காட்டாது. புழுக்களோ வாரக்கணக்கில் அங்கேயே வாழ்பவை. மழைவெள்ளம் கற்களைப் புரட்டிவிடும் என்பதால், அடுத்த ஆய்வைத் தை மாதத்தில் செய்யவுள்ளேன்.