புது ஃபிஃப்த் வீல் வாங்குகிறோம்: ஃபிரேமையும் வாரண்டியையும் எப்படிச் சரிபார்ப்பது?

காவேரிக்கரை:
டெக்சாஸில் ஒரு டீலரிடம் 38 அடி ஃபிஃப்த் வீல் (பிக்கப் டிரக்கின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) பேசி வைத்திருக்கிறோம். புதியது, மூன்று ஸ்லைடு (வெளியே நீளும் அறைப் பகுதி). மொத்த எடை வரம்பு 16,000 பவுண்டு, 7,000 பவுண்டு ஆக்ஸில் இரண்டு, லோட் ரேஞ்ச் (டயர் தாங்கும் பாரத்தின் தரம்) இ டயர். வாரண்டி ஒரு வருடம், ஸ்ட்ரக்சருக்கு மட்டும் மூன்று. ஏழு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுக்கச் சொல்கிறார்கள். அபார்ட்மெண்டைக் காலி செய்துவிட்டு முழுநேரமும் இதில்தான் இருக்கப்போகிறோம். ஃபிரேம் வளைகிறது என்று படித்துப் பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பட்டறைக்காரர்:
முதலில் ஃபிரேம்தான். மொத்த எடையில் 20–25 சதவீதம் கிங்பின் (டிரக்கில் மாட்டும் முன்பக்க இரும்பு முளை) மேல் இறங்கும். உங்கள் வண்டியில் அது 3,200 முதல் 4,000 பவுண்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக்கிலும் இந்தப் பாரம் படுக்கையறைக்கு அடியில் உள்ள மேல் ஃபிரேமை முறுக்கும். வெல்டிங் சரியில்லாவிட்டால் பக்கச் சுவர் ஃபிரேமை விட்டு விலகத் தொடங்கும்.

முன் ஜாக்கை மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். முன் கேப்பும் (வண்டியின் முன்முக மூடி) பக்கச் சுவரும் சேரும் இடத்தை ஒருவர் கண் எடுக்காமல் பார்க்கட்டும். இடைவெளி விரிந்து சுருங்கினால் அந்த வண்டியே வேண்டாம். அங்கே கிழிந்த சீலண்ட் (இடைவெளியை அடைக்கும் பசை), ஸ்லைடு மூலையில் ஃபைபர்கிளாஸ் விரிசல், படுக்கையறை அலமாரிக்குள் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் பிளவு, இவையும் அதே கோளாறைக் காட்டலாம். "சீலண்ட் பூசித் தருகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது டயர். பின் பாரம் 3,200 போக ஆக்ஸில்கள் மேல் 12,800 பவுண்டு வந்தால் ஒரு டயருக்கு 3,200. எஸ்டி235/80ஆர்16 அளவில் இ டயர் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கும்போது தாங்குவது சுமார் 3,400–3,500தான். எடை நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரியாது. சமையலறை ஸ்லைடு உள்ள பக்கம் கூடும். ஜி ரேஞ்ச் டயர் கேளுங்கள், ஆனால் 110 பிஎஸ்ஐக்கு ஏற்ற ரிம்மா என்று பாருங்கள். வண்டியை எடுத்த பிறகு 10, 25, 50 மைலில் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும்.

நெடுஞ்சாலை:
தண்ணீர்க் கசிவைப் பார்க்க மறக்காதீர்கள். பம்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடி 20 நிமிடம் காத்திருங்கள். பம்ப் தானாக மறுபடி ஓடினால் எங்கோ கசிகிறது. டாய்லெட்டுக்குப் பின்னும் சிங்க்குக்கு அடியிலும் உள்ள பெக்ஸ் (பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்) இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். கூரைக்கு, உள்ளே காற்றழுத்தம் ஏற்றி வெளியே சோப்புத் தண்ணீர் தெளிக்கும் சோதனை உண்டு. குமிழி வந்த இடமே ஓட்டை. கேஸ் அழுத்தம் மேனோமீட்டரில் (அழுத்தம் அளக்கும் கருவி) 11 இஞ்ச் நீர் உயரம் (வாட்டர் காலம்) காட்ட வேண்டும். டீலர் யார்டிலேயே ஓர் இரவு தங்கி எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.

காவேரிக்கரை:
மிக்க நன்றி. முழுநேரம் தங்குகிறோம் என்றால் வாரண்டி போய்விடுமா?

விதிமுறை:
பல கம்பெனிகளில் போய்விடும். வாரண்டித் தாளில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அனுமதி உண்டு என்று டீலர் வாயால் சொன்னால் போதாது, கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

ஏசி, ஃபிரிட்ஜ், ஆக்ஸில், டயர் எல்லாம் தனித்தனி வாரண்டி, தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். கூரை சீலண்டை 90 நாளுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. தேதியோடு படம் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் சேதத்துக்குப் பணம் தர மறுப்பார்கள். எக்ஸ்டெண்டட் என்பது பெரும்பாலும் வேறொரு கம்பெனியின் சர்வீஸ் ஒப்பந்தம். விலக்குப் பட்டியலில் ஃபிரேமும் நீர்க்கசிவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வாங்க வேண்டாம்.

டெக்சாஸ் லெமன் சட்டம் (திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கு நிவாரணம் தருவது) இழுத்துச் செல்லும் ஆர்விகளுக்கும் (வீட்டு வண்டிகள்) பொருந்தும், பல மாநிலங்களில் அப்படியில்லை. அதற்கு ஆதாரமாக ஒவ்வொரு ரிப்பேர் ஆர்டரிலும் வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி இரண்டையும் எழுதி வாங்குங்கள்.