பி-51 மஸ்டாங் மாடலில் ரிட்ராக்ட்: இறக்கையின் அடிப்பக்கம் இன்னும் மூடவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

மேகவாசல்

வணக்கம் நண்பர்களே. 1.4 மீட்டர் இறக்கை கொண்ட பி-51டி (இரண்டாம் உலகப்போர் காலத்துப் போர்விமானம்) ரேடியோ மாடல் ஒன்றை பால்சா மரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். பிளானில் இருப்பது நிலையான பியானோ வயர் கால்கள்தான், ஆனால் மஸ்டாங் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பறப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் ரிட்ராக்ட் (பறக்கும்போது இறக்கைக்குள் மடங்கும் கால்) வைத்தே ஆக வேண்டும் என்று இருக்கிறேன். ரிப்கள் (இறக்கையின் குறுக்குச் சட்டங்கள்), மெயின் ஸ்பார் (நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை), மேல்பக்க ஷீட்டிங் (மேலே மூடும் மெல்லிய பலகை) எல்லாம் ஒட்டியாகிவிட்டது. அடிப்பக்கம் திறந்தே இருக்கிறது, எனவே உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். முழு எடை இரண்டு, இரண்டரை கிலோவுக்குள் வரும்.

எலக்ட்ரிக்கா, காற்றில் இயங்குவதா? காலை மடக்கும் யூனிட்டை நேரே ரிப்பில் ஒட்டிய பிளைவுட்டில் திருகினால் போதுமா? நாங்கள் பறக்கவிடும் இடம் பாதி புல், பாதி செம்மண் தரை, சில இடங்களில் சின்னக் குழிகளும் உண்டு. வால் சக்கரத்தையும் மடக்க வேண்டுமா?

ரசமட்டம்

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அடி ஷீட்டிங் போட்ட பிறகு இந்த வேலையைச் செய்வது பெரிய கொடுமை.

முதலில் யூனிட்டை மறந்துவிட்டு அது உட்காரும் மரத்தைப் பாருங்கள். தரையில் ஓடும்போது புல்லோ குழியோ சக்கரத்தைப் பின்னால் இழுக்கிறது. கால் 120 மி.மீ. நீளம், யூனிட்டைத் தாங்கும் முன் கட்டைக்கும் பின் கட்டைக்கும் இடைவெளி 40 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் 3 கிலோ இழுவை வந்தால் முன் கட்டையின் ஸ்க்ரூக்களை 9 கிலோ கீழே பிடுங்குகிறது, அதே 9 கிலோ பின் கட்டையை மேலே தள்ளுகிறது. சாதாரண இறக்கத்திலேயே இவ்வளவு வரலாம். பால்சா ரிப்பின் மேல் ஒட்டிய ஒரு துண்டு பிளைவுட் இதைத் தாங்காது, ரிப்போடு சேர்ந்து பிய்ந்து வரும்.

அதனால் யூனிட்டின் இரண்டு பக்கத்து ரிப்களுக்கும் 3 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் முழு உயரத்துக்கு டப்ளர் (ரிப்போடு ஒட்டும் வலுப்பலகை) வெட்டுங்கள், ஸ்பாரைத் தொட்டு ஒட்டும்படி. அந்த பிளைவுட்டில் பள்ளம் வெட்டி, இறக்கையின் நீளவாக்கில் இரண்டு கெட்டிக் கட்டைகளை அதில் பதியுங்கள். பீச் கிடைத்தால் நல்லது. நம் ஊரில் தேக்கு எளிதாகக் கிடைக்கும், ஆனால் தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, உடனே 30 நிமிட எபாக்ஸி போட வேண்டும். 5 நிமிட எபாக்ஸி இந்த இடத்துக்கு ஆகாது. ஸ்க்ரூ ஓட்டை போட்டதும் ஒரு தடவை ஸ்க்ரூவை ஏற்றி இறக்கி, மரையில் மெல்லிய சயனோ பசை விட்டுக் காயவிடுங்கள், மரை கல் போல ஆகிவிடும்.

சக்கரக் குழிக்காக எக்காரணம் கொண்டும் மெயின் ஸ்பாரை வெட்டாதீர்கள். அசல் மஸ்டாங்கிலேயே சக்கரம் ஸ்பாருக்கு முன்னால்தான் படுக்கிறது. டி ரகத்தில் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முன்விளிம்பு முன்னோக்கி நீண்டு வருவதே அந்தச் சக்கரத்துக்கு இடம் கொடுக்கத்தான்.

வால் சக்கரத்தை விட்டுவிடுங்கள். அசலில் மடங்கும், உண்மை. ஆனால் இந்த அளவில் வாலில் ஏறும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் 20 கிராம் வரை ஈயம் வைக்க நேரிடும்.

வால்காற்று

அண்ணன் மரத்தைச் சொல்லிவிட்டார், நான் கோணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் யூனிட் வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

கடையில் பொதுவாகக் கிடைப்பது 90 டிகிரி யூனிட். மஸ்டாங் இறக்கைக்கு 5 டிகிரி டைஹெட்ரல் (நுனி நோக்கி மேலே ஏறும் சாய்வு) இருக்கிறது, கால் உள்பக்கமாக மடங்குகிறது. இறக்கைக்கு இணையாகப் படுத்திருக்கும் கால் தரைக்குச் செங்குத்தாக நிற்க 85 டிகிரி திரும்பினால் போதும். 90 டிகிரி யூனிட்டை இறக்கைக்கு இணையாக வைத்தால் இரண்டு காலும் வெளிப்பக்கம் 5 டிகிரி அகன்று நிற்கும். பறக்கும், ஆனால் பார்க்க அசிங்கம், டயரும் ஒரு ஓரமாகத் தேயும். ஸ்பிட்ஃபயரில் கால் வெளிப்பக்கம் மடங்குவதால் அதற்கு 90-க்கும் மேலே வேண்டும். 85 டிகிரி யூனிட் தேடுங்கள், கிடைக்காவிட்டால் கட்டைகளின் கீழ் ஆப்பு வைத்துச் சாய்வைச் சரிசெய்யலாம்.

அடுத்து சக்கரம் எங்கே தரையைத் தொட வேண்டும் என்பது. வால் சக்கர விமானத்தில் உடலைப் பறக்கும் நிலையில் மட்டமாக வைத்து, சிஜியிலிருந்து (விமானத்தின் எடை மையம்) ஒரு தூக்குக்குண்டு விடுங்கள். சிஜியிலிருந்து சக்கர அச்சுக்கு இழுக்கும் கோடு அந்த நூலிலிருந்து 15 முதல் 20 டிகிரி முன்னால் இருக்க வேண்டும். இதற்குக் குறைந்தால் புல்லில் மூக்கு குத்தும், ப்ரொப்பெல்லர் போகும். ரொம்பக் கூடினால் வால் எழ மறுக்கும், இறங்கும்போது துள்ளும். உங்கள் தரைக்கு 20-ஐ ஒட்டியே வையுங்கள்.

இந்த முன்சாய்வுக்காக யூனிட்டையே சாய்த்து வைத்தால், மடங்கிய சக்கரத்தின் முன் ஓரம் இறக்கைக்குள் ஆழமாகப் போய் மேல் ஷீட்டிங்கைத் தொடும், பின் ஓரம் வெளியே துருத்தும். அதை இப்போதே சக்கரத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். அசலின் 27 அங்குல டயர் உங்கள் அளவுக்கு 85 மி.மீ. வரும், புல் தரைக்கு அதில் ஒரு மி.மீ. கூடக் குறைக்காதீர்கள்.

சக்கரங்கள் நேராகவோ, 1 அல்லது 2 டிகிரி உள்பக்கம் பார்த்தபடியோ இருக்கட்டும். வெளிப்பக்கம் பார்த்தால் ஓடும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போய்ச் சுற்றிவிடும். கோணம் சரியானதும் கிரப் ஸ்க்ரூ (கம்பியை இறுக்கிப் பிடிக்கும் தலையில்லாத ஸ்க்ரூ) உட்காரும் இடத்தில் கம்பியை அரத்தால் தட்டையாக ராவி, நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்குங்கள். ராவாமல் இறுக்கினால் எவ்வளவு இறுக்கினாலும் திரும்பும்.

மின்மினி

எலக்ட்ரிக் என்றே போங்கள். காற்றில் இயங்குவது அழகாக, மெதுவாக மடங்கும், பெரிய மாடல்களில் இன்னும் விரும்பிப் போடுகிறார்கள். ஆனால் டேங்க், குழாய்கள், வால்வு, அதைத் திருப்ப ஒரு சர்வோ (சின்ன இயக்கு மோட்டார்), ஓ-ரிங் காய்ந்தால் கசிவு என்று பராமரிப்பு தொடரும். இரண்டரை கிலோ விமானத்தில் அதற்கு இடமும் இல்லை.

எலக்ட்ரிக் யூனிட்டின் உள்ளே ஒரு சின்ன மோட்டார் மரை போட்ட தண்டைச் சுற்றுகிறது. கால் கடைசி வரை போய் முட்டியதும் கரன்ட் ஏறும், அதைப் பார்த்து உள்ளேயிருக்கும் போர்டு மோட்டாரை நிறுத்துகிறது. இதில் கவனிக்க வேண்டியது, முட்டியது கடைசி முனையா, குழியின் ஓரமா என்று அந்த போர்டுக்குத் தெரியாது. கம்பி லேசாக வளைந்து டயர் குழியின் விளிம்பில் உரசினால்கூடப் பாதியில் நின்றுவிடும். அதனால் டயரைச் சுற்றி 4, 5 மி.மீ. இடைவெளி விட்டே குழியை வெட்டுங்கள். ஒவ்வொரு கடுமையான இறக்கத்துக்குப் பிறகும் விமானத்தைத் தூக்கிப் பிடித்து ஒருமுறை மடக்கி விரித்துப் பாருங்கள்.

கரன்ட் விஷயத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) இருக்கும் சின்ன பெக்கே (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் வோல்டேஜ் கொடுக்கும் சுற்று) சர்வோக்களுக்கும் ரிட்ராக்டுக்கும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டு யூனிட்டும் ஒரே நேரத்தில் முட்டி நிற்கும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் ரீசெட் ஆகலாம். அது நடப்பது பெரும்பாலும் கிளம்பிய உடனே, உயரம் இல்லாத நேரத்தில். தனியாக 5 ஆம்பியர் பெக் ஒன்று போடுங்கள். யூனிட்டின் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பார்த்துக் கொடுங்கள்.

ஒரு கால் மட்டும் இறங்காமல் போனால் மற்றதையும் மேலே இழுத்துவிட்டு, மோட்டாரை நிறுத்தி, புல்லில் வயிற்றால் இறக்குங்கள். மஸ்டாங்கில் அடியில் இருக்கும் காற்றுவாய் அடிபடும், அவ்வளவுதான். ஒற்றைக் காலில் இறங்கினால் இறக்கையே போகும்.

ரசமட்டம் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. எல்லாவற்றையும் கல்லாக்கிவிட்டால் அடி விழும்போது எங்காவது உடைந்துதானே ஆக வேண்டும்? முன் ஸ்க்ரூக்களை நைலானில் போட்டால் அது அறுந்து இறக்கை தப்பிக்கும்.

மேகவாசல்

எல்லோருக்கும் மிக்க நன்றி, 85 டிகிரி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு சந்தேகம். ஆயில் ஸ்ட்ரட் (அதிர்வை வாங்கச் சுருங்கும் கால்) போல இருக்கும் அலுமினியக் கால்கள் வாங்கலாமா, கம்பிக் கால் போதுமா? உள்பக்கக் கதவுகள் வைக்கலாமா?

ரசமட்டம்

மின்மினி, நைலான் யோசனை நிலையான கால்களுக்கு நன்றாக வேலை செய்யும். ரிட்ராக்டில் நைலான் அறுவதற்கு முன்பே நீண்டு கொடுக்கும், கோணம் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்திலேயே டயர் குழியில் உரசத் தொடங்கும், நீங்களே சொன்ன சிக்கல்தான். அதனால் எஃகு ஸ்க்ரூ போட்டு, வளைய வேண்டிய வேலையைக் கம்பியிடம் விடுவதே என் கட்சி.

மேகவாசல், அதனால்தான் உங்கள் தரைக்கு முதலில் கம்பிக் கால். யூனிட்டில் காலைப் பிடிக்கும் பின் (pin) 4 மி.மீ. என்றால் 4 மி.மீ. பியானோ வயர், யூனிட்டுக்குக் கீழே ஒரு சுருள் சுற்றி. பின்னோக்கி வரும் அடியை அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளும். வளைந்தால் வைஸில் பிடித்து நிமிர்த்திவிடலாம், மாற்றினாலும் பெரிய செலவில்லை. ஸ்ட்ரட் என்றால் உள்ளே சுருங்கும் தூரம் உண்மையிலேயே இருக்கிறதா, கத்தரி இணைப்பில் (சக்கரம் திரும்பாமல் தடுக்கும் மடிப்பு இணைப்பு) ஆட்டம் இருக்கிறதா என்று கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பலவற்றில் அழகு மட்டுமே உண்டு.

காலோடு ஒட்டிய வெளிக் கதவை வைக்கலாம், காலுடனே போய்வரும். உள்பக்கக் கதவுக்குத் தனி சர்வோவும், கதவு திறந்த பிறகே கால் இறங்கும்படி வரிசைப்படுத்தும் வேலையும் வேண்டும், வரிசை தவறினால் கால் கதவின் மேல் சிக்கிக்கொள்ளும். முதல் சீசனுக்குக் குழியைத் திறந்தே விட்டுப் பறக்கவிடுங்கள்.

சிஜியைக் கால்கள் மடங்கிய நிலையில் பாருங்கள், பறக்கும் நேரமெல்லாம் அப்படித்தானே இருக்கப்போகிறது. மஸ்டாங்கில் கால் பக்கவாட்டில் மடங்குவதால் பெரிய மாற்றம் வராது. பி-40, கோர்சேர் கட்டினால் கவனியுங்கள். அவற்றில் கால் பின்னோக்கி மடங்குகிறது, 200 கிராம் கால்கள் 100 மி.மீ. பின்னால் போனால் இரண்டரை கிலோ மாடலில் சிஜி 8 மி.மீ. நகரும்.

அடி ஷீட்டிங் ஒட்டும் முன் இறக்கையை மேசையில் இறுக்கிவிட்டு, ஒவ்வொரு காலையும் அச்சுப் பக்கத்தில் பிடித்துப் பின்னால் நன்றாக இழுத்துப் பாருங்கள். கம்பி வளைந்து திரும்ப வேண்டும், கட்டையிலோ டப்ளரிலோ சின்ன முனகல் சத்தம்கூட வரக் கூடாது. வந்தால் அந்த மூலையில் முக்கோணத் துண்டு வைத்து மறுபடி எபாக்ஸி போட்டு, ஒரு நாள் காயவிட்டு, இழுத்துப் பார்த்த பிறகு மூடுங்கள்.