இங்கிலீஷ் ‘டேக்’குக்கு துருக்கில என்ன? சேலம், ஏற்காடு மக்கள் அனுபவத்த எழுதுங்க

மக்களே, துருக்கிக்காரங்களோட பேசின, பழகின அனுபவம் இருக்கறவங்க இந்த த்ரெட்ல எழுதுங்க, குறிப்பா ‘டேக்’ (take, எடுக்கறது)ங்கற ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்ல வெச்சு. ஏன் அது மட்டும்னா, நான் அம்மாபேட்டைல துண்டு, பெட்ஷீட் ஏற்றுமதி பண்ற ஆபீஸ்ல வேலை பாக்கறேன், துருக்கில டெனிஸ்லினு ஒரு ஊரு, டவலுக்குப் பேர்போன ஊரு, அங்கிருந்து ஒரு பையர் வருவார், அவரோட அவர் பாஷைல பேசணும்னு ஆசப்பட்டுத்தான் கத்துக்க ஆரம்பிச்சேன். புஸ்தகத்துல ‘டேக்னா அல்மாக்’னு ஒரு வரி போட்டு முடிச்சிருந்தாங்க. ஆனா அவர் பேசறத காது குடுத்துக் கேட்டா டேக் வரவேண்டிய எடத்துல பாதிக்கு மேல அல்மாக் வர்றதே இல்ல, வேற வேற வினை வருது, அதுல நெறைய நம்ம தமிழ் சொல்ற மாதிரியே வருது. இங்கிலீஷ் வழியா சுத்திட்டுப் போகாம தமிழ்ல இருந்து நேரா துருக்கிக்குப் போனா பாதி வேல மிச்சம்ங்க, இதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

மொதல்ல போட்டோ. தறி ஓடறத போன்ல எடுத்தார். நாம போட்டோ எடுக்கறோம், அவங்க போட்டோவ இழுப்பாங்க, ‘ஃபோட்டோராஃப் செக்மெக்’. செக்மெக்னா இழுக்கறது. ஏடிஎம்ல பணம் எடுக்கறதும் ‘பாரா செக்மெக்’, பல்லு புடுங்கறதும் செக்மெக், துடுப்பு போடறதும் செக்மெக், வேதனைப்படறதும் ‘அஜு செக்மெக்’. கொழந்த அம்மா ஜாடையா இருந்தா இங்கிலீஷ்காரன் ‘டேக்ஸ் ஆஃப்டர்’ம்பான், துருக்கில ‘அன்னெசினெ செக்மிஷ்’, அம்மா பக்கம் இழுத்திருக்குனு அர்த்தம், நாம ‘அப்படியே அம்மாவ உரிச்சு வெச்சிருக்கு’ங்கறோம்.

அடுத்தது முடிவு. இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் முடிவ எடுக்கறோம், துருக்கில முடிவ குடுப்பாங்க, ‘கரார் வெர்மெக்’. வெர்மெக்னா குடுக்கறது. கமிட்டி, சட்டசபை மாதிரி கூடி எடுக்கறதுக்கு ‘கரார் அல்மாக்’கும் உண்டு, ஆனா தனி மனுஷன் முடிவு பண்றதுக்கு வெர்மெக்தான். இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் அந்த ‘கரார்’. நம்ம கடைவீதில ‘கறார் வெலைங்க, கொறைக்க முடியாது’ம்பாங்கல்ல, அதே வார்த்தைதான், அரபில ‘கரார்’னு இருந்தது ஒரு பக்கம் துருக்கிக்குப் போச்சு, இன்னொரு பக்கம் உருது வழியா நம்மகிட்ட வந்துச்சு. வக்கீலும் அப்படித்தான், அங்க ‘வெகில்’. பஜார் அங்க ‘பஸார்’. இன்னொண்ணு கேளுங்க, இங்கிலீஷ்ல ஒரு சம்பவம் ‘டேக்ஸ் ப்ளேஸ்’, துருக்கில ‘மெய்தானா கெல்மெக்’, அதாவது மைதானத்துக்கு வர்றது! மெய்தான்னா நம்ம மைதானமேதான். இத அவர் சொன்னப்ப எந்திரிச்சு கை குடுத்துட்டேன்.

அல்மாக் நேரா வர்ற எடமும் இருக்கு. ‘நெஃபெஸ் அல்மாக்’ மூச்சு விடறது, ‘துஷ் அல்மாக்’ ஷவர்ல குளிக்கறது, ‘ஜித்தியே அல்மாக்’ சீரியஸா எடுத்துக்கறது. அப்புறம் கடைல வாங்கறதும் அல்மாக்தான். தீபாவளிக்கு நாலு ரோட்டுல போய் துணி எடுக்கறோம்ல, அது துருக்கில ‘எல்பிசெ அல்துக்’, வார்த்தைக்கு வார்த்தை துணி எடுத்தோம். இதையே இங்கிலீஷ்ல டேக் போட்டுச் சொல்லுங்க, காசு குடுக்காம தூக்கிட்டு வந்த மாதிரி ஆயிடும்.

சிகரம்னு நான் நெனைக்கறது ‘அலுன்மாக்’. அந்த நடு ‘லு’ல வர்ற உகரம் நம்ம ‘காசு’, ‘பட்டு’ கடைசில வர்ற குற்றியலுகரம்தான், உதட்ட குவிக்காம சொல்ற உ. துருக்கில அதுக்குன்னே புள்ளி இல்லாத ‘ஐ’ எழுத்து ஒண்ணு இருக்கு, 1928ல லத்தீன் எழுத்துக்கு மாறினப்ப வெச்சாங்க. இங்கிலீஷ்காரங்க அந்த ஒலிக்குத் திண்டாடுவாங்க, நமக்கு பொறந்ததுல இருந்தே வாயில இருக்கு. சரி, அலுன்மாக்னா என்னன்னா, அல்மாக்ங்கற வினைய தன் மேலயே திருப்பி விடற வடிவம், அர்த்தம் மனசுல தப்பா எடுத்துக்கறது. நாம ‘எடு’வோட ‘கொள்’ளு சேத்து ‘எடுத்துக்காதீங்க’ங்கறோம், அவங்க அல்லோட ன் சேத்து ‘அலுன்மாயுன்’ங்கறாங்க. ஒரு லாட்ல கலர் கொஞ்சம் வெளிறி இருக்குனு சொல்லிட்டு மொதலாளியப் பாத்து அவர் இந்த வார்த்தைய சொன்னார், நான் யோசிக்கவே இல்ல, ‘தப்பா எடுத்துக்காதீங்கங்கறார் சார்’னு சொல்லிட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

உங்க அனுபவத்தப் போடுங்க.

ஏற்காட்டுல இருந்து, காபித் தோட்டத்துக்காரர்:

அண்ணா நல்ல த்ரெட். எங்க தோட்டத்துல ரெண்டு ரூம் வாடகைக்கு விடறோம், போன அறுவடை சீசன்ல துருக்கில இருந்து ஒரு வயசான தம்பதி வந்தாங்க. காலைல பழம் பறிக்கற பொம்பளைங்க கூடைய கட்டிட்டு எறங்கறப்ப அந்தம்மா கூப்பிட்டு ‘கொலாய் கெல்சின்’னாங்க. வேல லேசா வரட்டும்னு அர்த்தமாம். வேல செய்யறவங்கள தாண்டிப் போனா இதச் சொல்லாம போறது அங்க மரியாதை இல்லையாம், கடைக்காரரு, கொத்தனாரு, ஆபீஸ்ல ஃபைல் பாக்கறவரு எல்லாருக்கும் சொல்லுவாங்களாம். இங்கிலீஷ்ல ‘டேக் இட் ஈஸி’னு மொழிபெயர்த்துச் சொன்னார் அந்த ஐயா, ஆனா அது இல்லீங்க இது, டேக் இட் ஈஸின்னா ரொம்ப மெனக்கெடாதன்னு ஆயிடுது, இது வாழ்த்து. எங்க ஆளுங்களுக்கு நான் தமிழ்ல சொன்னதும் அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம், அடுத்த நாள் அவங்களே ‘கொலாய் கெல்சின்மா’னு திருப்பிச் சொன்னாங்க.

காபி விஷயத்துல இன்னும் இருக்கு. ஏற்காட்டுல காபி வந்தது 1820கள்ல கலெக்டர் காக்பர்ன் காலத்துலன்னு சொன்னேன், அந்த ஐயா கேட்டுட்டு, எங்க ஊர் காபிப் பழக்கத்த 2013ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்துட்டாங்கன்னார். இங்கிலீஷ்ல ‘ஹவ் டு யூ டேக் யுவர் காஃபி’ம்பாங்கல்ல, துருக்கிலயும் அந்த எடத்துல அல்மாக்தான், ‘கஹ்வெனிஸி நாசுல் அலுர்சுனுஸ்’. ஆனா அத போடறதுக்கு முன்னாடியே கேட்டாகணும், ஏன்னா அவங்க சக்கரைய தூளோடயே போட்டு கொதிக்க வெப்பாங்க, அப்புறம் கலக்க மாட்டாங்க. சக்கரை வேண்டாம்னா ‘சாதெ’, நம்ம சாதா மாதிரியே இருக்கு பாருங்க. எங்க வீட்டம்மா போட்ட காபிய குடிச்சுட்டு ‘எலினிஸே சாலுக்’னாங்க, உங்க கைக்கு ஆரோக்கியம்னு. சமைச்சவங்க கையப் புகழறது நம்மகிட்டயும் இருக்கே, கைமணம்னு. கெளம்பறப்ப ஒரு பழமொழி சொன்னாங்க, ஒரு கப் காபிக்கு 40 வருஷத்து நன்றி உண்டாம். நான் உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொன்னேன், அர்த்தம் சொன்னதும் ஐயா நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டார்.

கட்டிப்புடிச்சு ‘டேக் கேர்’க்கு அவங்க சொன்னது ‘கெந்தினே இயி பாக்’. பாக்மாக்னா பாக்கறது. உன்ன நல்லா பாத்துக்கோ. கொழந்தைய பாத்துக்கறதும், நோயாளிய பாத்துக்கறதும் அதே பாக்மாக்தானாம். ‘பாக்’னு அவங்க சொல்றதும் ‘பாக்கறேன்’னு நாம சொல்றதும் காதுல ஒண்ணா விழுது, அது எதேச்சையாத்தான் இருக்கும், இருந்தாலும் மறக்கவே மறக்காது.

சூரமங்கலத்துல இருந்து:

துருக்கி சீரியல் பாக்கறேன், அதுல ‘சாய் மாய்’னு சொல்லுவாங்க, அது நம்ம டீ கீ தானே? சந்தேகம் தீத்து வைங்க.

த்ரெட் ஆரம்பிச்சவர்:

அதேதாங்க. நாம கீ, கி போடறோம், அவங்க ம போடுவாங்க. கிதாப் மிதாப்னா புஸ்தகம் கிஸ்தகம்.

அஸ்தம்பட்டில இருந்து, அங்காராவுல படிச்ச பொண்ணு:

அண்ணா, நான் அங்க ஸ்காலர்ஷிப்ல படிச்சேன், முதல் வருஷம் முழுக்க பாஷைதான் கத்துக் குடுத்தாங்க. வகுப்புல இங்கிலீஷ் பேசற நாட்டுப் பசங்க வாக்கியத்த திருப்பிப் போடறதுக்கே கஷ்டப்பட்டாங்க, வினை கடைசில வர்றது அவங்களுக்கு எட்டவே இல்ல, எனக்கு ‘எவ்தென் கெல்திம்’ தமிழ் மாதிரியே வந்துச்சு. எவ் வீடு, தென் இருந்து, கெல் வா, தி இறந்தகாலம், ம் நான். வீட்டிலிருந்து வந்தேன். வினையெச்சம் கூட இருக்கு, ‘அலுப் கெல்தி’ன்னா எடுத்துட்டு வந்தான், அந்த ‘உப்’ தான் நம்ம ‘த்துட்டு’. இத டீச்சர்கிட்ட சொன்னப்ப அவங்க போர்டுல தமிழ் வாக்கியத்த எழுதச் சொல்லி எல்லாருக்கும் காட்டினாங்க.

டேக்ல எனக்கு ஞாபகம் இருக்கறது பரீட்சை. இங்கிலீஷ்ல டேக் பண்ணுவாங்க, நாம எழுதுவோம், துருக்கில உள்ள நுழைவாங்க, ‘சுனாவா கிர்மெக்’. காப்பி அடிக்கறது ‘கோப்யா செக்மெக்’, அதையும் இழுக்கறாங்க. மாத்திரை குடிப்பாங்க, ‘ஹாப் இச்மெக்’. பஸ்ஸ டேக் பண்றது கெடையாது, நம்மள மாதிரி ஏறுவாங்க, ‘பின்மெக்’. பஸ் எத்தனை மணிக்கு எடுப்பாங்கன்னு கேக்கறதுக்கு ‘கச்தா கல்குயோர்’, எத்தனை மணிக்கு எந்திரிக்கும்னு. ஏரோப்ளேன் டேக் ஆஃப் ஆகறதும் அதே எந்திரிக்கறதுதான். ராத்திரி பஸ்ஸு வழில நிறுத்துவாங்க, அது ‘மோலா’, பிரேக்க டேக் பண்ண மாட்டாங்க, குடுப்பாங்க, மோலா வெர்மெக்.

தொல்முஷ்னு ஷேர் வண்டி ஓடும். தொல்மாக்னா நெறையறது, தொல்முஷ்னா நெறைஞ்சாச்சு, அதுவே பேரு. எறங்கணும்னா ‘இனெஜெக் வார்’னு கொரல் குடுக்கணும், எறங்கறவங்க இருக்குன்னு அர்த்தம். நம்ம ஊரு டவுன் பஸ்ஸுல ‘எறங்கறது இருக்கு, எறங்கறது இருக்கு’னு கத்துவோம்ல, மொத தடவ அங்க அதக் கேட்டப்ப எனக்கு ஊர் ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு அண்ணா.

அப்புறம் அந்த ‘மிஷ்’. கண்ணால பாத்தா ‘கெல்தி’, வந்தார். யாரோ சொல்லிக் கேட்டா ‘கெல்மிஷ்’, வந்துட்டாராம். நம்ம ‘ஆம்’தான் அது. இங்கிலீஷ்ல இதுக்கு ‘ஐ ஹியர் தட்’னு நீட்டணும்.

செவ்வாய்ப்பேட்டைல இருந்து:

இவ்ளோ ஒத்துமை இருந்தா துருக்கி தமிழ்ல இருந்து போனதுன்னுதானே அர்த்தம்? எல்லாரும் ஏன் அத சொல்லத் தயங்கறீங்க.

த்ரெட் ஆரம்பிச்சவர்:

அண்ணா, ஆசையா இருக்கும், ஆனா அப்படி இல்லீங்க. 1856ல கால்டுவெல் திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதினப்ப துருக்கியெல்லாம் அடங்குன ‘சித்தியன்’ கூட்டத்தோட நமக்கு ஒறவு இருக்கலாம்னு சொல்லிப் பாத்தார், பின்னாடி வந்த மொழியியல்காரங்க அத ஏத்துக்கல. அவங்க துருக்கிய குடும்பம், நாம திராவிடக் குடும்பம். ஒட்டு ஒட்டா சேத்துக்கிட்டே போறதும், வினைய கடைசில வைக்கறதும் உலகத்துல சம்பந்தமே இல்லாத பல மொழிகள்ல இருக்கு, ஜப்பான் மொழிலயும் இருக்கு. கறார், வக்கீல் எல்லாம் ரெண்டு பேரும் வெளில இருந்து வாங்கினது.

வாங்கறதுல எந்த மொழிக்கும் கொறச்சல் இல்ல. ‘டேக்’கே இங்கிலீஷோட சொந்தச் சொல்லு கெடையாதுங்க, வைக்கிங் ஆளுங்க வந்து தங்கினப்ப அவங்களோட பழைய நார்ஸ் மொழில இருந்து ‘டாக்கா’னு வந்தது. அதுக்கு முன்னாடி இங்கிலீஷ்ல எடுக்கறதுக்கு ‘நிமான்’னு சொல்லிட்டு இருந்தாங்க, ஜெர்மன்ல இன்னும் ‘நேமென்’ இருக்கு. நிமான் செத்துப்போச்சு, ஆனா கை மரத்துப் போறதுக்கு ‘நம்’ம்பாங்கல்ல, அது அதோட மிச்சம், உணர்ச்சிய எடுத்தாச்சுன்னு.

அஸ்தம்பட்டி தங்கச்சி, ‘டேக் யுவர் டைம்’க்கு அங்க என்ன சொல்லுவாங்க?

அஸ்தம்பட்டில இருந்து:

டைமும் வராது டேக்கும் வராது அண்ணா. ‘அஜெலே எத்மெயின்’, அவசரப்படாதீங்க. பக்கத்துல பெரியவங்க இருந்தா ‘யவாஷ் யவாஷ்’னும் சேத்துக்குவாங்க, மெதுவா மெதுவா.