டெய்லிங்ஸ் அணை: ஆபத்து வகையை எதை வச்சு முடிவு பண்றது?

கேள்வி (பெங்களூரு): சுரங்கக் கழிவு அணை (டெய்லிங்ஸ்னா தாது பிரிச்ச பிறகு மிஞ்சுற ஈரக் கழிவு) ஒண்ணுக்கு ஆபத்து வகைப்பாடு எழுதணும். கரைச் சரிவின் பாதுகாப்புக் குணகம் (தாங்கும் பலம், சரிய வைக்கிற விசையைப் போல எத்தனை மடங்குன்னு சொல்ற எண்) 1.5-க்கு மேல வருது. ‘குறைவு’ன்னு போடலாமா?

பதில் 1: கூடாது சார். அணை எவ்வளவு உறுதியா இருக்குங்கிறது வேற கணக்கு. உடைஞ்சா கீழே யாருக்கு என்ன ஆகும்ங்கிறதுதான் வகை. டெய்லிங்ஸ் அணைகளுக்காக 2020-ல வந்த உலகத் தரநிலையில 5 படி. 1 முதல் 10 உயிர் போகலாம்னா ‘உயர்வு’, 100 வரை ‘மிக உயர்வு’, அதுக்கு மேல ‘அதிதீவிரம்’. உயிர், சூழல், வாழ்வாதாரம் எல்லாத்தையும் தனித்தனியா பாருங்க. எதுல அதிகமோ அதுவே வகை. அதிதீவிரம்னா 10,000 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்துக்கு வடிவமைக்கணும்.

பதில் 2: கீழ்ப்பக்கம்னா ஊர் மட்டும் இல்ல, சுரங்கத்தோட சொந்தக் கட்டடங்களும்தான். பிரேசிலின் புருமாடின்யோவுல 2019 ஜனவரி 25 அன்னைக்கு 270 பேர் இறந்தாங்க. கேன்டீனும் அலுவலகமும் அணைக்கு நேர் கீழே இருந்தது. கழிவு கொட்டுறதை நிறுத்தின அணை அது. ஆனா உள்ளே ஈரம் வடியல. பழைய கழிவு மேலேயே கரை எழுப்பின அமைப்பு. ஈரக் கழிவு திடீர்னு வலுவிழந்து கூழா ஓடிடுச்சு.

பதில் 3: அதனால கழிவு மேல தேங்குற குளத்து நீரைக் கரையிலிருந்து தள்ளியே வைங்க. பீசோமீட்டர்ல (கரைக்குள்ள இருக்கிற நீர் அழுத்தத்தை அளக்கிற கருவி) நீர்மட்டம் ஏறுதான்னு பாருங்க. கரை அடியில கசிவு கலங்கலா வந்தா உள்ளே மண் அரிக்குதுன்னு அர்த்தம், அன்னைக்கே சரிபண்ண ஆள் இறங்கணும். மூடின சுரங்கத்தையும் விட்டுடாதீங்க. கோலார் தங்கவயல்ல 2001-ல வேலை நின்னும், தங்கம் பிரிச்ச சயனைடு கழிவு மேடுகள் ஊருக்குப் பக்கத்துலயேதான் நிக்குது.