ஸ்னோபோர்டு ஹீல்சைடு கார்விங் (குதிகால் பக்க விளிம்புல வழுக்காம வளையுறது) ஆழமா போக மாட்டேங்குது, உடம்ப எப்படி வைக்கணும்?

கேள்வி:
டோசைடுல (கால்விரல் பக்கம்) எட்ஜ் (போர்டோட விளிம்பு) நல்லா கடிச்சு பென்சில் கோடு மாதிரி தடம் விழுது, ஆனா ஹீல்சைடுல பாதி டர்ன் தாண்டுனதும் போர்டு தடதடன்னு அதிர்ந்து வழுக்கிடுது. இன்னும் சாய்ஞ்சா சரியாகுமா? பைண்டிங் (பூட்ஸ போர்டுல மாட்டுற பிடி) கோணம் +15/-15, அதாவது முன்கால் முன்பக்கமா 15 டிகிரி, பின்கால் பின்பக்கமா 15 டிகிரி.

பதில் 1:
வெறும் சாய்மானம் போதாதுங்க. இடுப்புல குனிஞ்சு பின்பக்கத்த வெளிய தள்ளுறீங்கன்னு நினைக்கிறேன், அப்படி பண்ணா கால் விறைச்சுடும், அழுத்தத்த உள்வாங்க இடமே இருக்காது, அதான் அதிருது. முட்டியையும் கணுக்காலையும் நல்லா மடக்குங்க, நெஞ்சு நிமிரட்டும், முன் தோள டர்ன் போற பக்கம் திறந்து பார்வையும் அங்கயே வைங்க, பூட்ஸுக்குள்ள கால்விரல மேல தூக்குங்க, எட்ஜ் கெட்டியா பிடிக்கும்.

பதில் 2:
பின்கால் -15ல இருந்தா ஹீல்சைடுல இடுப்பு முன்னாடி திரும்புறது கஷ்டம். ரெண்டு காலும் முன்பக்கம் பாக்குற மாதிரி +27/+9 போட்டுப் பாருங்க, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, முட்டி வலிச்சா உடனே குறைச்சிடுங்க. பூட்ஸோட குதிகால் பனில உரசுதான்னும் பாருங்க, உரசுனா எட்ஜ் தூக்கிடும்.

கேட்டவர்:
கால் விறைக்கிறது உண்மைதான். எட்ஜ் எப்ப மாத்தணும்?

பதில் 3:
போர்டு நேரா கீழ பாக்குறதுக்கு முன்னாடியே! லேட்டா மாத்துனா மொத்த அழுத்தமும் டர்ன் கடைசில வந்து குவியும். கைய பனில தொடணும்னு குனியவே குனியாதீங்க, பாக்க அழகா இருக்கும் ஆனா எடை எட்ஜ விட்டு விலகிடும். சரிவு கம்மியான இடத்துல பழகிட்டு திரும்பி தடத்த பாருங்க, எங்க அகலமாகுதோ அங்கதான் வழுக்குறீங்க.