அமெரிக்கா திட்டத்தை மாற்றினால் ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் என்ன செய்யும்?

பொருநை:
வணக்கம் நண்பர்களே. ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா சேர்ந்த ஆக்கஸ் பாதுகாப்புக் கூட்டணி பற்றிப் படிக்கப் படிக்க ஒன்று பிடிபடவே இல்லை. 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா பிரான்சோடு போட்டிருந்த 12 டீசல் நீர்மூழ்கி ஒப்பந்தத்தை முறித்துவிட்டு, அணுசக்தி நீர்மூழ்கிக்காக அமெரிக்கா, பிரிட்டனோடு சேர்ந்தது. 2023இல் சொன்ன கணக்குப்படி 2050களின் நடுப்பகுதி வரை 268 முதல் 368 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் செலவாகும். அமெரிக்காவின் வர்ஜீனியா ரக அணுசக்தி நீர்மூழ்கிகளில் முதலாவது கைக்கு வருவதே 2030களின் தொடக்கத்தில்தான். அதற்குள் அமெரிக்காவில் ஆட்சி மாறும், போர்த் திட்டமும் மாறும். இன்னொரு நாட்டின் முடிவை நம்பி இவ்வளவு நீண்ட திட்டத்தை எப்படிப் போடுகிறார்கள்? ஜப்பான், பிலிப்பைன்ஸ் நிலையும் இதுதானா?

கலங்கரை:
முதலில் அமெரிக்காவின் திட்டத்தில் என்ன மாறியது என்று பார்த்தால்தான் மற்றது விளங்கும். சீனாவின் டிஎஃப்-26 ஏவுகணை சுமார் 4,000 கிமீ பாயும், அதாவது பசிபிக்கில் அமெரிக்கப் படைத்தளம் உள்ள குவாம் தீவு வரை எட்டும். ஒரே பெரிய தளத்தில் விமானங்களையும் கப்பல்களையும் குவித்து வைப்பது இனி ஆபத்து. அதனால் படையைச் சிறு சிறு பிரிவுகளாகத் தீவுகளில் பரப்பும் வழிக்குப் போய்விட்டார்கள். அமெரிக்காவின் மரைன் படை 2020இல் டாங்குகளை முழுக்கக் கைவிட முடிவு செய்து, கப்பலைத் தாக்கும் ஏவுகணைகளோடு தீவுக்குத் தீவு நகரும் படைப்பிரிவுகளை உருவாக்கியது. ஹவாயில் ஒன்று, 2023இல் ஜப்பானின் ஒகினாவாவில் இன்னொன்று.

இப்படிப் பரவ வேண்டுமென்றால் நிறைய சின்ன ஓடுதளம், துறைமுகம், எரிபொருள் கிடங்கு வேண்டும், அதில் பெரும்பகுதி கூட்டாளி நாட்டு மண்ணில்தான் அமையும். பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை பயன்படுத்தும் இடங்கள் 2023இல் ஐந்திலிருந்து ஒன்பதானது இதனால்தான். புதிய நான்கில் மூன்று லூசோன் தீவின் வடக்கில், தைவானைப் பார்த்தபடி இருக்கின்றன. 2024 ஏப்ரலில் பயிற்சிக்கென்று கொண்டுவந்த டைஃபோன் ஏவுகணை அமைப்பு, பயிற்சி முடிந்த பிறகும் அங்கேயே நின்றுவிட்டது. டோமஹாக் என்ற தொலைதூர ஏவுகணையை ஏவக்கூடியது அது. சண்டை என்று வந்தால் முதல் அடி விழும் ஊர்களில் இந்த இடங்களும் இருக்கும் என்பதை அந்த மக்களிடம் யார் வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பதுதான் என் கவலை.

தென்றல்முனை:
ஆஸ்திரேலியா பற்றி. 2023 பாதுகாப்பு ஆய்வறிக்கை அங்கே பெரிய திருப்பம். போர் வருவதற்கு 10 ஆண்டு முன்பே அறிகுறி தெரியும் என்ற பழைய கணக்கு இனி செல்லாது என்று 2020லேயே சொல்லிவிட்டார்கள், இந்த அறிக்கை அதன்மேல் நின்று பணத்தையே இடம் மாற்றியது. 450 காலாட்படைக் கவச வாகனங்கள் 129ஆகக் குறைந்தன, மிச்சப்பட்ட பணம் ஹைமார்ஸ் போன்ற தொலைதூர ஏவுகணைகளின் பக்கம் போனது.

நீர்மூழ்கியில் உங்கள் சந்தேகம் நூற்றுக்கு நூறு நியாயம். அமெரிக்கக் கட்டுமானத் தளங்கள் ஆண்டுக்கு சுமார் 1.2 வர்ஜீனியாதான் கட்டுகின்றன. சொந்தத் தேவைக்கே 2 வேண்டும், ஆஸ்திரேலியாவுக்கும் கொடுக்க வேண்டுமென்றால் 2.33 ஆக வேண்டும். போதாததற்கு, இதைக் கொடுப்பதால் தங்கள் கடலடி வலிமை குறையாது என்று அன்றைய அதிபர் சான்றளித்த பிறகே கப்பலை ஒப்படைக்கலாம் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. கட்டும் வேகம் கூடாதவரை எந்த அதிபரும் அந்தச் சான்றைத் தரத் தயங்குவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நெய்தல்மகள்:
ஜப்பானை அதே தட்டில் வைக்க முடியாது, பொருநை. 2022 டிசம்பரில் ஐந்தாண்டுக்கு 43 டிரில்லியன் யென் என்று பாதுகாப்புச் செலவை முடிவெடுத்தபோது டோமஹாக் வாங்கத் தீர்மானித்தார்கள், சரி. ஆனால் கூடவே சொந்த டைப்-12 ஏவுகணையின் தூரத்தையும் கூட்டினார்கள். நீர்மூழ்கியைக் கோபே நகரில் அவர்களே கட்டுகிறார்கள். அமெரிக்கா தாமதித்தால் சிரமப்படுவார்கள், ஆனால் கை கட்டி நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று, கூட்டாளிகள் தங்களுக்குள்ளேயே கை கோர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் படை இன்னொருவர் நாட்டுக்குப் போய்வர ஜப்பான் 2022இல் ஆஸ்திரேலியாவோடும் 2024இல் பிலிப்பைன்ஸோடும் ஒப்பந்தம் போட்டது. 2025 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா 11 போர்க்கப்பல்களுக்கு ஜப்பானின் மொகாமி வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தது. பிலிப்பைன்ஸ் இந்தியாவிலிருந்து பிரம்மோஸ் ஏவுகணை வாங்கியதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கலங்கரை சொன்ன கவலை ஜப்பானின் யோனகுனி தீவுக்கும் பொருந்தும். தைவானிலிருந்து 110 கிமீதான். அந்தப் பகுதித் தீவுகளிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கியூஷூவுக்கு வெளியேற்றும் திட்டத்தை அரசே வகுத்து வைத்திருக்கிறது.

பொருநை:
நன்றி. ஒரே ஒரு கேள்வி: வர்ஜீனியா வராமலே போனால் ஆஸ்திரேலியாவிடம் என்ன மிஞ்சும்?

தென்றல்முனை:
1996இலிருந்து சேவையில் சேர்ந்த ஆறு காலின்ஸ் ரக டீசல் நீர்மூழ்கிகள். அவற்றின் ஆயுளை நீட்டிக்கும் வேலை தவறினால் நடுவில் பெரிய பள்ளம் விழும். ஆளில்லா கோஸ்ட் ஷார்க் வாகனங்களுக்கு 2025இல் 1.7 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்புறம் பெர்த் அருகே உள்ள ஸ்டிர்லிங் தளத்தில் 2027 முதல் அமெரிக்க, பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் சுழற்சி முறையில் வந்து தங்கும், ஆனால் அவற்றுக்கு உத்தரவு கொடுப்பது கான்பெராவாக இருக்காது.